மயக்கி அறுப்பதும் மயக்காமல் அறுப்பதும்: வாசகர் கேள்விக்குக் கால்நடை மருத்துவரின் பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லோரும் இறைச்சி உண்பவர்கள். கல்லூரியில் படிக்கும் என் மகள், மாடு ஒன்றை மயக்காமல் கழுத்தறுக்கும் காணொளியைப் பார்த்ததிலிருந்து, மதமுறைப்படி அறுத்த இறைச்சி இனி இந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்கிறாள். இருபது ஆண்டுகளாக எங்களுடன் பழகும் அண்டை வீட்டு இஸ்லாமிய நண்பர் பக்ரீத் பெருநாளுக்குக் கொடுத்தனுப்பிய ஆட்டிறைச்சியை, அவர் காதில் விழும்படியே "வதைத்துக் கொன்றது" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவர் எங்களுடன் சரியாகப் பேசுவதில்லை. மதமுறையில் அறுக்கப்படும் விலங்குக்கு உண்மையிலேயே வலி அதிகமா? அப்படியானால் அதைத் தவிர்ப்பதுதானே சரி? அதை வெளியே சொன்னால் மத வெறுப்பு ஆகிவிடுமா? அந்த இறைச்சி இன்னும் உறைபெட்டியில் கிடக்கிறது. அதை என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் முதல் கேள்விக்கு மழுப்பாமல் விடை சொல்லிவிடுகிறேன். சரியாக மயக்கி (மின்சாரத்தாலோ, நெற்றியில் இரும்புத் தண்டால் அடிக்கும் போல்ட் துப்பாக்கியாலோ நினைவிழக்கச் செய்து) அறுப்பதைவிட, மயக்காமல் அறுக்கும்போது விலங்குக்கு வேதனை கூடுதல்தான். மாட்டில் அந்த வேறுபாடு பெரியது, ஆட்டில் சிறியது. ஆனால் நான் சொன்னதில் 'சரியாக' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். மேலும், மதமுறையில் அறுப்பதும் மயக்காமல் அறுப்பதும் ஒன்றே அல்ல. உங்கள் மகள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறார். அது அநேகர் செய்யும் பிழை என்பதால் அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

உடற்கூற்றிலிருந்து தொடங்குகிறேன். கூரிய கத்தி கழுத்தின் முன்புறத்தை அறுக்கும்போது இரு பக்கத்துக் கரோட்டிட் தமனிகளும், கழுத்துச் சிரைகளும், மூச்சுக்குழாயும், உணவுக்குழாயும் அறுபடுகின்றன. மூளைக்குச் செல்லும் குருதி தடைபட்டதும் விலங்கு நினைவிழக்கிறது. அதற்கு எத்தனை விநாடி ஆகும் என்பது எந்த விலங்கு என்பதைப் பொறுத்தது. செம்மறியாட்டிலும் வெள்ளாட்டிலும் மூளைக்கு வேண்டிய குருதி ஏறக்குறைய முழுவதும் கரோட்டிட் தமனிகளின் வழியாகவே போகிறது. ஆகவே அறுப்பு சரியாக விழுந்தால் பெரும்பாலும் பத்துப் பதினைந்து விநாடிக்குள் நினைவு போய்விடும். மாட்டுக்கு வேறொரு வழியும் உண்டு. கழுத்தெலும்புகளுக்குள் பொதிந்து செல்லும் முதுகெலும்புத் தமனிகள் கத்திக்கு எட்டாதவை என்பதால், கரோட்டிட் தமனிகள் அறுபட்ட பிறகும் அவை மூளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குருதியைக் கொண்டுசென்றபடியே இருக்கும். போதாக்குறைக்கு, அறுபட்ட தமனியின் முனை சில மாடுகளில் உள்ளே சுருண்டு, உப்பி, தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். அப்போது குருதி வடிவது மந்தமாகி, மயக்கம் தள்ளிப்போகிறது. மயக்காமல் அறுக்கப்பட்ட மாடுகள் நிலைகுலைந்து விழுவதற்குச் சராசரியாக 20 விநாடி அளவில் ஆனதாகவும், சிலவற்றுக்கு ஒரு நிமிடமும் அதற்கு மேலும் ஆனதாகவும், விழுந்த பிறகு சில மீண்டும் எழுந்து நின்றதாகவும் இறைச்சிக்கூடங்களில் எடுத்த அளவீடுகள் காட்டுகின்றன. அறுபட்ட மூச்சுக்குழாய்க்குள் குருதி இறங்குவதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் மகள் பார்த்தது இத்தகைய ஒரு மாடாக இருக்கலாம்.

விழும்வரை நேரமாகிறது என்பதை மட்டும் வைத்து, அந்த நேரத்தில் வலியும் இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா என்பதே நெடுங்காலம் வாதமாக இருந்தது. இதை நேரடியாகச் சோதித்தவர்கள் நியூசிலாந்தின் மாஸி பல்கலைக்கழகத்தினர். அவர்களுடைய ஆய்வு 2009இல் வெளிவந்தது. கன்றுகளுக்கு மெல்லிய மயக்க மருந்து கொடுத்து, அவை துன்பத்தை உணராத, அதே வேளையில் மூளையின் மின்னலைகளில் வலிக்குரிய மறுவினை பதிவாகக்கூடிய நிலையில் வைத்துக் கழுத்தை அறுத்தார்கள். அறுப்பு அந்த அலைகளில் வலிக்குரிய மறுவினையாகவே பதிவாயிற்று. அறுத்து 5 விநாடியில் போல்ட் துப்பாக்கியால் மயக்கியபோது அந்த மறுவினை அடங்கிவிட்டது. மயக்காமல் அறுக்கும் மரபுடைய யூதத் தரப்பினர், அந்த ஆய்வில் பயன்பட்ட கத்தி தங்களுடைய கத்தியன்று என்று மறுத்தார்கள். அந்த மறுப்பை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். இறைச்சிக்கூட வடிவமைப்பில் உலகம் மதிக்கும் அமெரிக்க விலங்கியலாளர் டெம்பிள் கிராண்டின், நீளமும் கூர்மையும் உள்ள கத்தியால் தேர்ந்த கை அறுக்கும்போது விலங்கு அறுப்புக்கு மிகக் குறைவாகவே மறுவினை காட்டுவதை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். இருந்தாலும், அறிவியலின் மொத்தச் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் என்னைப் போன்ற மருத்துவர்களிடையே பெரிய பிளவு இல்லை. ஐரோப்பியக் கால்நடை மருத்துவர்கள் கூட்டமைப்பு, முன்னதாக மயக்காமல் அறுப்பதை எந்தச் சூழலிலும் ஏற்க முடியாது என்று 2002இல் அறிவித்தது. பிரிட்டன் அரசுக்கு ஆலோசனை சொல்லிவந்த பண்ணை விலங்கு நலக் குழுவும், மதமுறை அறுப்புக்குச் சட்டத்தில் இருந்த விலக்கை நீக்கும்படி 2003இல் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை.

இனி அந்த 'சரியாக' என்ற சொல்லுக்கு வருகிறேன். நான் பணியில் சேர்ந்த புதிதில், எந்த மதச் சடங்கும் இல்லாத, கருவிகள் எல்லாம் இருந்த ஒரு கூடத்தில் பரிசோதனைக்கு நின்றிருந்தேன். போல்ட் துப்பாக்கியைப் பல நாட்களாகத் துடைத்து எண்ணெயிடவில்லை. முதல் அடியில் மாடு விழவில்லை. இரண்டாவது அடி கண்ணுக்கு மேலே தவறான இடத்தில் பட்டது. மூன்றாவதில்தான் அது விழுந்தது. அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு வேறொரு கூடத்தில், மத அனுமதி பெற்று அறுக்கும் ஒரு முதியவரைப் பார்த்தேன். ஒவ்வொரு விலங்குக்கும் முன்னும் பின்னும் கத்தியின் விளிம்பைத் தன் விரல்நகத்தின்மேல் மெல்ல ஓட்டிப் பார்ப்பார். ஒருமுறை கண்ணுக்குத் தெரியாத ஒரு நெருடல் நகத்தில் தட்டுப்பட்டது என்று சொல்லி, மேலாளர் முணுமுணுக்க முணுமுணுக்க, முழு வரிசையையும் நிறுத்திவிட்டுக் கத்தியைத் தீட்டப் போய்விட்டார். இந்த இரண்டு காட்சிகளையும் விளக்கமின்றி உங்கள் மகளிடம் காட்டி, எது கொடூரம் என்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று சில வேளைகளில் நினைத்துக்கொள்வேன். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த முதியவரின் கத்தியாலும் மாட்டின் முதுகெலும்புத் தமனிகளை எட்ட முடியாது. துப்பாக்கியைத் துடைத்து வைத்தால் அந்த முதற்கூடத்தின் குறை தீர்ந்துவிடும். மாட்டின் குருதியோட்டம் கத்தியைத் தீட்டுவதால் மாறாது.

கத்தியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள் அதற்கு முந்தைய நிமிடங்களை மறந்துவிடுகிறார்கள். நினைவோடிருக்கும் விலங்கை அறுக்க வேண்டுமானால் அதை அசையாமல் பிடித்தாக வேண்டும், எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதிலேயே பாதித் துன்பம் அடங்கியிருக்கிறது. ஒற்றைப் பின்னங்காலில் சங்கிலி மாட்டி உயிரோடு தூக்கித் தொங்கவிட்டு அறுக்கும் முறை ஒன்று உண்டு. பல நூறு கிலோ எடையுள்ள மாட்டுக்கு அது அறுப்பைவிடப் பெரிய வதை என்றே நான் கருதுகிறேன். இரும்புப் பெட்டிக்குள் அடைத்து முதுகு கீழே வரும்படி புரட்டும் முறையில், அசைபோடும் விலங்கின் பெரிய வயிறு நுரையீரல்மேல் அழுந்துவதால் அது மூச்சுக்குத் தவிக்கும். நின்ற நிலையிலேயே உடலை இருபுறமும் அணைத்து, தலையைத் தாங்கி உயர்த்திப் பிடிக்கும் கூண்டும் இருக்கிறது. அமெரிக்க யூதக் கூடங்களில் சங்கிலிக்கு மாற்றாக அத்தகைய கூண்டு வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடி, வடிவமைத்தும் கொடுத்தவர்களில் நான் முன்பு சொன்ன கிராண்டின் முக்கியமானவர். நல்ல கூண்டில் அமைதியாக நிற்கும் விலங்கின் கழுத்தில் விழும் அறுப்பும், சங்கிலியில் துடித்துக்கொண்டு தொங்கும் விலங்கின் கழுத்தில் விழும் அறுப்பும் மதச்சட்டத்தில் ஒரே பெயரைப் பெறலாம். விலங்கு அனுபவிப்பது ஒன்றல்ல.

மதங்கள் என்ன சொல்கின்றன என்பதை உங்கள் மகள் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் அவருடைய கவலையை அந்த விதிகளுக்குள்ளேயே அவர் காண்பார். யூத முறையில் அறுப்பவர் பல ஆண்டு பயிற்சியும் சான்றும் பெற்றவர். கத்தியில் சிறு பழுதும் இருக்கக் கூடாது. அறுக்கும்போது இடையில் நிறுத்தினாலோ, அழுத்தினாலோ, கத்தி தோலுக்குள் மறைந்தாலோ, இடம் தவறினாலோ, மூச்சுக்குழாயோ உணவுக்குழாயோ அறுபடாமல் கிழிந்தாலோ அந்த விலங்கு உண்ணத் தகாததாகிவிடும். இஸ்லாத்தில், எதிலும் செம்மை வேண்டும், அறுக்கும்போதும் செம்மையாக அறுங்கள், கத்தியைத் தீட்டிக்கொண்டு விலங்கின் வேதனையைக் குறையுங்கள் என்பது நபிகளாரின் போதனை. விலங்கின் கண்முன்னே கத்தி தீட்டுவதும், ஒரு விலங்கின் எதிரே இன்னொன்றை அறுப்பதும் விலக்கப்பட்டவை. இயந்திரமும் மின்சாரமும் இல்லாத காலத்தில், கோடரியால் அடித்தும் ஈட்டியால் குத்தியும் கொன்றுகொண்டிருந்த உலகத்தில், இவை அன்றைக்குக் கிடைத்த மிக இரக்கமான முறைகள் என்று சொன்னால் மிகையாகாது. அதைவிட இரக்கமான வழி பின்னர் கிடைத்துவிட்டபோது விதியின் சொல்லைப் பிடிப்பதா, அதன் நோக்கத்தைப் பிடிப்பதா என்ற கேள்வி எழுகிறது. அதை அந்தந்த மதத்தினரே தங்களுக்குள் பேசி வருகிறார்கள்.

அந்தப் பேச்சு ஓரிடத்தில் ஏற்கனவே முடிவு கண்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அடிபட்டோ நோயுற்றோ தானாகச் செத்ததை உண்ணக் கூடாது என்பது இஸ்லாமியச் சட்டம். ஆகவே மயக்கும்போதே விலங்கு செத்துவிடுமோ என்ற ஐயம்தான் மயக்குவதற்கு எதிரான முதன்மையான தடை. தலையில் மட்டும் மின்சாரம் பாய்ச்சி மயக்கினால் இதயம் நிற்பதில்லை. வலிப்பு வந்ததுபோல் மூளை சட்டென்று செயலிழக்கிறது. அறுக்காமல் விட்டுவிட்டால், ஆடு ஒரு நிமிடம்போல் கழித்து எழுந்து நடக்கும். அப்படி எழுந்து நடப்பதே அது உயிரோடுதான் இருந்தது என்பதற்குச் சான்று. இந்த மீளக்கூடிய மயக்கத்தை ஏற்றுக்கொண்ட இஸ்லாமிய அறிஞர்கள் பலர். வணிகத்துக்காக அறுக்கும் எல்லா ஆடுமாடுகளையும் மயக்கியாக வேண்டும் என்று சட்டமுள்ள நியூசிலாந்திலிருந்து இஸ்லாமிய நாடுகளுக்கு ஹலால் ஆட்டிறைச்சி பல்லாண்டுகளாக இப்படித்தான் போகிறது. மலேசியாவின் ஹலால் தரவிதிகளும் இதற்கு நிபந்தனைகளோடு இடம் தருகின்றன. பிரிட்டனில் உணவுத் தர முகமை 2011இல் எடுத்த கணக்கில், ஹலால் முறையில் அறுக்கப்பட்ட மாடு, ஆடு, கோழி மூன்றிலுமே 80 சதவீதத்துக்கு மேல் முதலில் மயக்கப்பட்டவையாக இருந்தன. அதற்குப் பின்னர் அங்கே மயக்காமல் அறுக்கும் ஆடுகளின் பங்கு உயர்ந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். யூத மரபு இதில் இன்னும் இறுக்கமானது. அறுக்கும் கணத்தில் விலங்கு எந்தக் காயமும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதால் முன்னதாக மயக்குவதை அது ஏற்பதில்லை. அறுத்த உடனே மயக்குவதற்கு மட்டும் சில இடங்களில் வழி கண்டிருக்கிறார்கள். ஆஸ்திரியாவில் மதமுறை அறுப்புக்கு அவ்வாறு உடனே மயக்குவதைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது.

ஆகவே "மதமுறை இறைச்சி வேண்டாம்" என்று உங்கள் மகள் போட்ட கோடு, அவர் தடுக்க நினைக்கும் துன்பத்தின் எல்லையோடு பொருந்தவில்லை. அந்தக் கோட்டுக்கு வெளியே, மதம் எதுவும் கலவாத இடத்தில், என்ன நடக்கிறது என்பதையும் அவர் பார்க்க வேண்டும். பெரிய ஆலைகளில் கோழிகளை உயிரோடு கால்களில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, மின்சாரம் பாயும் நீர்த்தொட்டிக்குள் தலையை முக்கி இழுத்துச் செல்கிறார்கள். சிறகடிக்கும் கோழியின் இறகு தலைக்கு முன்பே தண்ணீரில் பட்டு, மயங்காமலே மின் அதிர்ச்சி வாங்குவது அன்றாடம் நடப்பது. இறைச்சியில் குருதிக்கட்டு விழாமல் இருக்க மின்னோட்டத்தைக் குறைத்து வைக்கும் ஆலைகளும் உண்டு என்பதால்தான், ஐரோப்பிய ஒன்றியம் 2009ஆம் ஆண்டு ஒழுங்குவிதியில் ஒரு கோழிக்குக் குறைந்தது 100 மில்லியாம்பியர் என்றும், அலைவெண் கூடினால் 150, 200 என்றும் எழுதி வைக்க வேண்டியிருந்தது. பன்றிகளைப் பெரும்பாலும் செறிவான கரியமில வாயு நிரம்பிய குழிக்குள் இறக்குகிறார்கள். அந்த வாயு ஈரமான மூக்கிலும் தொண்டையிலும் அமிலமாக எரிய, மயங்கும்வரை அவை மூச்சுக்குத் திணறி, தப்பிக்க முட்டி மோதுகின்றன. கூடங்களில் நான் கேட்ட ஓசைகளில் இன்றும் என்னால் மறக்க முடியாதது அந்தக் குழியிலிருந்து வந்ததுதான். அங்கே கத்தியும் இல்லை, மந்திரமும் இல்லை. இந்த இறைச்சியெல்லாம் எந்தக் கேள்வியும் இல்லாமல் உங்கள் வீட்டுக்குள் வந்துவிடும், ஆட்டை அறுத்த அண்டை வீட்டுக்காரரின் தட்டு மட்டும் வாசலில் நிற்கும் என்றால், அவருக்குப் புண்படத்தான் செய்யும்.

இங்கே உங்கள் மூன்றாவது கேள்வி வருகிறது. இதைச் சொல்வது மத வெறுப்பா என்று நீங்கள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பொருளின் வரலாறே கறை படிந்தது. சுவிட்சர்லாந்தில், மக்களே கையெழுத்துத் திரட்டி அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் உரிமை வந்தபின் முதலில் நடந்த வாக்கெடுப்பு, 1893 ஆகஸ்ட்டில், மயக்காமல் அறுப்பதைத் தடை செய்வது பற்றியதுதான். அதை முன்னெடுத்தவர்களில் விலங்கு நேசர்களும் இருந்தார்கள், யூதர்கள் குடியேறுவதை விரும்பாதவர்களும் இருந்தார்கள். ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்த சில மாதங்களுக்குள், 1933 ஏப்ரலில், மயக்காமல் அறுப்பதைத் தடை செய்தார்கள். அவர்களுடைய இரக்கம் எங்கே போய் முடிந்தது என்று உலகத்துக்குத் தெரியும். எனவே ஒரு யூதரோ இஸ்லாமியரோ இந்தப் பேச்சைக் கேட்டதும் உடல் இறுகிப்போனால் அதை மிகையுணர்ச்சி என்று ஒதுக்காதீர்கள். ஆனால் வெறுப்பவர்கள் பயன்படுத்திய காரணத்தாலேயே ஒரு வாதம் பொய்யாகிவிடுவதில்லை. சுவீடனும் டென்மார்க்கும் இன்று மயக்குவதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பெல்ஜியத்தின் இரண்டு மாநிலங்கள் 2019இல் அவ்வாறு செய்தபோது யூத, இஸ்லாமிய அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2020 டிசம்பரிலும், ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2024 பிப்ரவரியிலும், மீளக்கூடிய மயக்கத்துக்கு வழிவிடும் அந்தச் சட்டங்கள் மத உரிமையை மீறவில்லை என்று தீர்ப்பளித்தன. மறுபுறம், அமெரிக்காவின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் மதமுறை அறுப்பையே இரக்கமான முறைகளில் ஒன்றாக வரையறுக்கிறது (அந்தச் சட்டத்தில் கோழிக்கு இடமே இல்லை என்பது வேறு கதை). இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவும், ஒரு சமயத்தார் தங்கள் சமயம் கேட்கும் முறையில் விலங்கைக் கொல்வது அச்சட்டப்படி குற்றமாகாது என்கிறது. சட்டம் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதால், நல்லெண்ணம் கொண்டவர்கள் இதில் இரு பக்கமும் இருக்க முடியும் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

என் சொந்த நிலைப்பாட்டை மறைக்க விரும்பவில்லை. பெரிய மாடுகளை மயக்காமல் அறுப்பதை நான் ஏற்கவில்லை. அதை எந்த மதத்து நண்பரிடமும் நேராகச் சொல்வேன், சொல்லியும் இருக்கிறேன். அப்படிச் சொல்லும் தகுதி, கோழி ஆலைக்கும் பன்றிக் குழிக்கும் எதிராகவும் அதே குரலில் பேசுகிறவருக்குத்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்வேன். ஒருவர் பேசுவது விலங்குக்காகவா, அண்டை வீட்டார்மேல் கொண்ட கசப்புக்காகவா என்பதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த எளிய வழி, அவர் கோழியைப் பற்றிக் கடைசியாக எப்போது பேசினார் என்று பார்ப்பதுதான்.

தவிர்ப்பது சரியா என்று கேட்டீர்கள். எந்த இறைச்சியைத் தவிர்ப்பது என்று முடிவெடுக்க, வாங்குபவருக்கு உண்மை தெரிய வேண்டும். அது பெரும்பாலும் தெரிவிக்கப்படுவதில்லை. 'ஹலால்' என்ற முத்திரை விலங்கு மயக்கப்பட்டதா இல்லையா என்று சொல்லாது. முத்திரையே இல்லாத இறைச்சியும் சொல்லாது. யூத முறையில் அறுத்த மாட்டின் பின்பகுதியை, விலக்கப்பட்ட நரம்பையும் கொழுப்பையும் நீக்கும் வேலை கடினம் என்பதால், பல நாடுகளில் பொதுச் சந்தைக்கே அனுப்பிவிடுகிறார்கள். அதை வாங்குபவருக்கு அது எப்படி அறுக்கப்பட்டது என்று தெரியாது. சீக்கிய நெறியில் நிற்பவர்கள் ஹலால் இறைச்சியை உண்ணக் கூடாது என்பதையும் நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு இது சமய உரிமை சார்ந்த கேள்வி. மயக்காமல் அறுத்த இறைச்சியில் ஐரோப்பிய இயற்கை வேளாண் முத்திரையை இடக் கூடாது என்று 2019 பிப்ரவரியில் ஒரு தீர்ப்பு வந்தது. அந்த அளவுக்குத்தான் விளக்கம் கிடைத்திருக்கிறது. உங்கள் மகள் போராட விரும்பினால், மதத்தின் பெயரை விட்டுவிட்டு, விலங்கு மயக்கப்பட்டதா, எந்த முறையில் என்பதை எல்லா இறைச்சியிலும் எழுதச் சொல்லிக் கேட்கட்டும். கோழிப் பொட்டலத்தில் 'நீர்த்தொட்டி மின்சாரம்' என்றும், பன்றி இறைச்சியில் 'கரியமில வாயு' என்றும் அச்சிட வேண்டி வந்தால் எந்த ஆலைகள் முதலில் எதிர்க்கும் என்று அப்போது தெரியும். நடைமுறையில், விற்பவரிடம் "முன்னதாக மயக்கினீர்களா?" என்று கேட்பது முதற்படி. பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காமல் இருப்பது உங்கள் உரிமை, அவர் எந்தச் சமயத்தவரானாலும்.

உங்கள் மகளிடம் பேசும்போது, அவருடைய இரக்கம் மிகை என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அவர் கண்டது உண்மை. அவர் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இருக்கிறது, ஆனால் அது இறைச்சியை மறுத்ததற்கன்று. கொடுத்தவர் காதில் விழும்படி, அவர் கை செய்த ஒன்றை வதை என்று, எந்த விலங்கு, எப்படி அறுத்தார்கள் என்று விசாரிக்காமலே சொன்னதற்கு. இந்த வேறுபாட்டை அவர் புரிந்துகொள்வார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நண்பரிடம் நீங்கள் போகும்போது ஆய்வுகளையும் தீர்ப்புகளையும் சுமந்துகொண்டு போக வேண்டாம். பக்ரீத் குர்பானியைப் பங்கிட்டு உறவினருக்கும் அண்டை அயலாருக்கும் ஏழைகளுக்கும் கொடுப்பது அவர்களுடைய வழக்கம். உங்களுக்கு வந்தது அந்தப் பங்கு. மறுக்கப்பட்டபோது அவர் மனத்தில் இறைச்சியைவிடப் பெரியது ஒன்று திரும்பி வந்திருக்கும். முதலில் அதற்கு வருத்தம் தெரிவியுங்கள். பிறகு, அவர் கேட்கும் மனநிலையில் இருந்தால், ஒரு கால்நடை மருத்துவரின் வேண்டுகோளாக ஒன்றைச் சொல்லலாம். பெருநாள் அன்று மட்டும் கத்தி பிடிக்கும் பழக்கமற்ற கைகளும், சமையலறைக் கத்திகளும், ஒன்றை ஒன்று பார்க்கும்படி கட்டிவைத்த ஆடுகளும்தான் அன்றைய துன்பத்தில் பெரும்பங்கு. தேர்ந்த கையிடம் ஒப்படைப்பது, கத்தியின் நீளம் ஆட்டின் கழுத்து அகலத்தைவிட நன்கு கூடுதலாக இருப்பது, விலங்கை மறைவில் தனியே கொண்டுவருவது, அறுத்தபின் அசைவு முழுதும் அடங்கும்வரை தோலில் கை வைக்காமல் காத்திருப்பது ஆகிய இவற்றில் ஒன்றுகூட அவருடைய சமயத்துக்கு முரணானதன்று. பலவற்றை அவர் உங்களுக்கு முன்பே எடுத்துச் சொல்லக்கூடும். மாட்டைக் கூட்டாகக் கொடுக்கும் வழக்கம் அவர் குடும்பத்தில் இருந்தால், மீளக்கூடிய மயக்கத்தைப் பற்றி அவர்களுடைய அறிஞரிடம் கேட்டுப் பார்க்கும்படி சொல்லலாம். அதற்கு மேல் வற்புறுத்த வேண்டாம்.

உறைபெட்டியில் உள்ளதைத் தூக்கி எறிய வேண்டாம். அது ஆடு. அறுப்பு நன்றாக விழுந்திருந்தால் சில விநாடிகளில் முடிந்த உயிர். அதைக் குப்பையில் போடுவதால் அதற்கு ஒரு நன்மையும் இல்லை. உங்கள் மகள் உண்ண வேண்டியதில்லை, அவரை உண்ணச் சொல்லவும் வேண்டாம். நீங்கள் சமைத்து உண்ணலாம். நன்றாக மூடி உறையவைத்த ஆட்டிறைச்சி சில மாதங்கள் கெடாமல் இருக்கும் என்பதால் அவசரமும் இல்லை. அதற்குள் நண்பர் வீட்டுக்கு ஒருமுறை போய்வந்துவிடுங்கள்.